பழனி மலைப் புல்வெளிகளும் நமது பொறுப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மதுரை, திண்டுக்கல் வட்டாரங்களில் ஊழியம் செய்த ஆயர்களுள் கோடைக்கானலை அறியாதவர் இலர். ஓய்வுக்கும் தியானக் கூடுகைக்கும் வாலிபர் முகாமுக்கும் நம் சபையார் தலைமுறை தலைமுறையாக ஏறிச்சென்ற மலை அது. அங்கே ஏரியைக் காண்கிறோம். வானளாவி நிற்கும் யூகலிப்டஸ் மரங்களைக் காண்கிறோம். பைன் மரக் காட்டின் நிழலில் அமர்ந்து செபிக்கிறோம். படைப்பின் அழகைப் பாடிக்கொண்டு மலையிறங்குகிறோம்.

ஆனால் அந்த ஏரி 1863-ஆம் ஆண்டில் மனிதர் கட்டிய அணையால் உண்டானது. அந்த யூகலிப்டஸ் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்டது. பைன் மரமும் இம்மலைக்கு உரியதன்று. மனிதர் கை படாத படைப்பு என்று நாம் எண்ணி வியந்தவற்றுள் பெரும்பகுதி, கடந்த நூற்றெண்பது ஆண்டுகளுக்குள் மனிதர் செய்து வைத்த மாற்றமேயாகும். அப்படியாயின் அதற்கு முன் அங்கே இருந்த மலை எத்தகையது? அதை மாற்றியவர் யார்? என்ன எண்ணி மாற்றினர்? மாற்றத்தின் பயனை அனுபவித்தவர் யார், அதன் விலையைக் கொடுத்தவர் யார்? இக்கேள்விகளுக்கு வரலாற்றின் துணைகொண்டு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம். இவ்வரலாற்றில் நம் சபையின் முன்னோருக்கும் ஓர் இடம் உண்டு. ஆகையால் இது நமக்கு அந்நியமான ஆராய்ச்சி அன்று.

1. இல்லம் என்னும் சொல்

உயிர்களுக்கும் அவற்றின் சூழலுக்கும் உள்ள உறவை ஆராயும் அறிவுத்துறைக்கு 1866-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் ஒரு பெயர் சூட்டினார். 'ஓய்க்கோஸ்' என்னும் கிரேக்கச் சொல்லை அடியாகக் கொண்டது அப்பெயர். ஓய்க்கோஸ் என்றால் இல்லம். வேதாகமக் கிரேக்கம் கற்ற நமக்கு இச்சொல் பழகிய ஒன்று. பொருளாதாரம் என்பதற்கு ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் சொல்லும், சபைகளின் ஐக்கியத்தைக் குறிக்க நாம் வழங்கும் எக்குமெனிக்கல் என்னும் சொல்லும் இவ்வேரிலிருந்தே கிளைத்தவை. நம் பழைய மொழிபெயர்ப்பில் உக்கிராணக்காரன் என்று வரும் சொல்லுக்கு மூலமும் இதுவே; வீட்டை நிருவகிப்பவன் என்பது அதன் பொருள். எனவே ஓர் இல்லம், அதன் உறுப்பினர், அதன் நிருவாகம் ஆகிய மூன்றையும் ஒருங்கே எண்ண இச்சொல் நம்மை அழைக்கிறது.

1935-ஆம் ஆண்டில் ஆங்கிலேயத் தாவரவியலார் ஆர்தர் டான்ஸ்லி இச்சிந்தனையை மேலும் ஒரு படி வளர்த்தார். செடி கொடிகளையும் விலங்குகளையும் மட்டும் தனியே பிரித்து எண்ணுதல் போதாது. மண், நீர், காற்று, வெப்பம் ஆகிய உயிரற்றவற்றையும் சேர்த்து ஒரே அமைப்பாகக் கருத வேண்டும் என்றார். நாம் இன்று உயிர்ச்சூழல் அமைப்பு என்று கூறுவது இதையே. தாவரம் கதிரவனின் ஒளியைப் பெற்று உணவாக்குகிறது. அதை மான் உண்கிறது. மானைப் புலி உண்கிறது. இறந்தவை அனைத்தையும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் சிதைத்து மீண்டும் மண்ணுக்கு உரமாக்குகின்றன. ஒளியின் ஆற்றல் ஒரு வழியே வந்து செலவாகிப்போகிறது. நீரும் உரமுமோ சுற்றிச் சுற்றி வருகின்றன. இச்சுற்று அறுபடாதிருக்கும் வரையில் இல்லம் நிலைத்திருக்கும். ஒரு கண்ணியை நாம் அகற்றினாலும், புதிதாக ஒன்றை நுழைத்தாலும், அதன் விளைவு நாம் நோக்கிய இடத்தோடு நின்றுவிடுவதில்லை.

2. சோலையும் புல்வெளியும்

மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கு நோக்கி நீண்டு கிடக்கும் கிளையே பழனி மலைத்தொடர். ஏறத்தாழ 2,000 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. கோடைக்கானல் நகரம் கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. வந்தரவு சிகரம் 2,500 மீட்டரையும் கடந்து நிற்கிறது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டும் இம்மலைக்குக் கிடைக்கின்றன.

இம்மேல்மலையின் இயற்கை அமைப்பு விந்தையானது. மலையின் மடிப்புகளிலும் ஓடைப் பள்ளங்களிலும் மட்டும் அடர்ந்த காடு இருக்கும். மரங்கள் உயரம் குன்றியவை, கிளைகள் முறுகியவை, பாசியும் பெரணியும் ஆர்க்கிட் மலர்ச் செடிகளும் அவற்றின்மேல் படர்ந்திருக்கும். இதையே சோலை என்கிறோம். உலகத் தாவரவியலார் அனைவரும் நம் தமிழ்ச் சொல்லையே கடன் வாங்கி இக்காட்டுக்குப் பெயராக வைத்துள்ளனர். சோலையின் விளிம்பு முடிந்ததும் திடீரென்று புல்வெளி தொடங்கும். முகடுகளும் சரிவுகளும் எங்கும் புல்லே. அதனிடையே ஆங்காங்கு சிவந்த பூக்களையுடைய ரோடோடென்ட்ரான் மரம் தனித்து நிற்கும். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குறிஞ்சி பூத்துச் சரிவை நீலமாக்கும். 1994, 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் அவ்வாறு பூத்தது.

புல்வெளியில் மரங்கள் ஏன் வளர்வதில்லை? மார்கழி, தை மாதங்களில் திறந்த வெளியில் உறைபனி விழுகிறது. சோலை மரத்தின் இளங்கன்று அவ்வுறைபனியைத் தாங்காது கருகிவிடும். சோலைக்குள்ளோ மரக்குடையின் கீழ் வெப்பம் காக்கப்படுகிறது. காற்றின் வேகமும் அவ்வப்போது எழும் தீயும் இதற்குத் துணை செய்கின்றன. புல்லுக்கு உயிர் வேரில் இருப்பதால் பனியும் தீயும் அதை அழிப்பதில்லை. மனிதர் காட்டை வெட்டியதால்தான் இப்புல்வெளிகள் உண்டாயின என்று முன்பு சிலர் எண்ணினர். ஆனால் நீலகிரியின் சதுப்பு நிலங்களில் அடுக்கடுக்காகப் படிந்துள்ள கரிமண்ணை அறிஞர்கள் ஆராய்ந்து 1990-களில் வெளியிட்ட முடிவுகள், புல்வெளிகள் 20,000 ஆண்டுகளுக்கு முன்னரே அங்கு இருந்தன என்று காட்டின. தட்பவெப்பம் மாறியபோதெல்லாம் காடு விரிந்தும் புல் விரிந்தும் வந்துள்ளன. ஆகவே புல்வெளி என்பது அழிந்துபோன காட்டின் எச்சமன்று; அதுவே தனக்குரிய பழைமையும் முழுமையும் உடையது.

இவ்விரண்டும் சேர்ந்து செய்யும் பணி யாது? மழைத்துளி புல்லின்மீது விழுந்து வேகம் தணிகிறது. நெருங்கிய வேர்த்தொகுதியின் வழியே மண்ணுக்குள் இறங்குகிறது. சரிவின் அடியிலுள்ள சதுப்பும் சோலையின் இலைமக்கும் அதைப் பிடித்து வைக்கின்றன. மழை ஓய்ந்து மாதங்கள் சென்ற பின்னரும் அந்நீர் ஓடையாகக் கசிந்துகொண்டே இருக்கிறது. வறண்ட காலத்தில் புல்லின் மேற்பகுதி காய்ந்துவிடுவதால் அது மண்ணின் நீரை மிகுதியாக உறிஞ்சுவதுமில்லை. வேறு வகையிற் சொன்னால், மலை தன் வருவாயை ஒரே நாளில் செலவிடாமல் ஆண்டு முழுவதும் பங்கிட்டுக் கொடுக்கிறது. தெற்கே வராக நதி, மஞ்சளாறு, மருதாநதி. வடக்கே பாலாறு, பொருந்தலாறு, வரதமாநதி, குதிரையாறு ஆகியவை இம்மலையின் மடியிலிருந்தே இறங்குகின்றன. பெரியகுளத்தின் நெல்வயலும் பழனியின் தோட்டமும் இப்பங்கீட்டை நம்பி வாழ்பவை.

3. மலையின் பழங்குடிகள்

இம்மலை ஆளற்ற இடமாக ஒருபோதும் இருந்ததில்லை. தாண்டிக்குடி முதலிய இடங்களில் காணப்படும் கல்திட்டைகள், பெருங்கற்காலத்திலேயே மனிதர் இங்கு வாழ்ந்தனர் என்பதற்குச் சான்று. பளியர் தேனும் கிழங்கும் எடுத்துக் காட்டை நம்பி வாழ்ந்தனர். புலையரும், சமவெளியிலிருந்து ஏறிவந்த குன்னுவரும் பூம்பாறை, வில்பட்டி, மன்னவனூர் முதலிய ஊர்களில் சரிவுகளைப் படிகளாக்கிப் பயிரிட்டனர்; புல்வெளியில் மாடு மேய்த்தனர். பூம்பாறையின் மலைப்பூண்டு இன்றும் பெயர்பெற்றது; 2019-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இவர்களும் நிலத்தை மாற்றியவர்களே. காட்டின் ஒரு பகுதியை வெட்டினர். புல்லுக்குத் தீ வைத்தனர். அதை மறைத்து, அவர்களை மாசற்ற ஏதேன் தோட்டத்தவராகச் சித்திரிப்பது வரலாறாகாது. ஆயினும் அம்மாற்றம் அளவில் சிறியதாகவும் மெதுவாகவும் நிகழ்ந்தது. மலை தன்னைச் சரிசெய்து கொள்ள அதற்கு அவகாசம் இருந்தது. பின்னர் வந்த மாற்றமோ அளவிலும் வேகத்திலும் வேறு வகையானது.

4. 1845: மிஷனெரிகள் மலையேறுதல்

1821-ஆம் ஆண்டில் லெப்டினென்ட் வார்டு என்னும் ஆங்கிலேய அதிகாரி இம்மலையை அளந்தார். எனினும் இங்கு முதன்முதலாக வீடு கட்டிக் குடியேறிய வெளிநாட்டினர் படையினரோ வணிகரோ அல்லர். நம் அமெரிக்கன் மதுரை மிஷனைச் சேர்ந்தவர்களே.

யாழ்ப்பாணத்திலிருந்து 1834-ல் மதுரைக்கு வந்து பணி தொடங்கிய அம்மிஷனரிகளைக் காய்ச்சலும் காலராவும் வாட்டின. முதற் பத்தாண்டுகளுக்குள் அவர்களுள் பலரும் அவர்களின் குழந்தைகளும் மாண்டனர். குளிர்ந்த இடத்தை நாடிச் சிறுமலையில் தங்கிப் பார்த்தனர். அங்கும் மலேரியாக் காய்ச்சல் விடவில்லை. அதன் பிறகே 1845-ல் பழனி மலைமேல் இரண்டு வீடுகள் கட்டி ஏறினர். இவ்வாறே கோடைக்கானல் என்னும் ஊர் பிறந்தது. 1914-ஆம் ஆண்டளவில் மலைச்சாலை வண்டிகளுக்குத் திறக்கப்படும் வரையில், பெரியகுளத்துப் பக்கத்திலிருந்து செங்குத்தான பாதையில் நடந்தும், கூலியாட்கள் சுமந்த நாற்காலியில் அமர்ந்துமே அவர்கள் ஏறினர். அச்சுமை தூக்கியவர்களின் பெயர்கள் எந்த அறிக்கையிலும் இடம்பெறவில்லை என்பதையும் நாம் நினைவில் கொள்ளல் தகும்.

பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் குளிர்ந்த காற்றைத் தேடியதை யார் குறை கூற முடியும்? ஆனால் அவர்களைப் பின்தொடர்ந்து அதிகாரிகளும் பிற மிஷன்களைச் சேர்ந்தோரும் வந்தனர். வந்தவர் ஒவ்வொருவரும் தாம் பிறந்த நாட்டின் சாயலை இம்மலையில் உண்டாக்க விரும்பினர். மதுரை மாவட்ட ஆட்சியர் வியர் ஹென்றி லெவிஞ்ச் 1863-ல் ஓடைகளைத் தடுத்துச் சதுப்பு நிலத்தை ஏரியாக்கினார். பேரி முதலிய பழமரங்களையும், யூகலிப்டஸ், வாட்டில் போன்ற ஆஸ்திரேலிய மரங்களையும் கொண்டுவந்தவர் என்றும் அவரைக் குறிப்பிடுவர். நீலகிரியில் இம்முயற்சி இன்னும் முந்தியது. 1843-லேயே அங்கு யூகலிப்டஸ் நடப்பட்டது. விறகுத் தேவையே இதற்கு முதற்காரணம். குளிர் மலையில் குடியேறியவர்க்கு அடுப்பும் கணப்பும் இன்றியமையாதவை. அதற்கெனச் சோலை மரங்கள் வெட்டுண்டன. அவை மெதுவாக வளர்பவை. ஆகவே விரைவாக வளரும் மரத்தைத் தேடினர். சோலையைக் காக்கவே அயல் மரம் வந்தது என்றும் ஒரு வகையில் கூறலாம். நல்லெண்ணம் எவ்வாறு எதிர்பாராத பாதையில் செல்லும் என்பதற்கு இது முதற் சான்று.

5. தரிசு என்னும் பெயர்

இருப்பினும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நடப்பட்டவை தோட்டங்களும் சிறு தோப்புகளுமே. பெரும் மாற்றம் வந்தது நம் நாடு விடுதலை பெற்ற பின்னரே என்பதை நேர்மையுடன் ஒப்புக்கொள்ள வேண்டும். குற்றத்தை முழுவதும் வெள்ளையர் தலையில் ஏற்றிவிட்டு நாம் கைகழுவிக்கொள்ளுதல் இயலாது.

ஐரோப்பாவில் தோன்றிய வனவியல் மரத்தையே செல்வமாக எண்ணிற்று. கன அடிக் கணக்கில் அளக்க முடியாத நிலம் அதன் ஏட்டில் பயனற்ற நிலம். மரமில்லாத புல்வெளிக்குத் தரிசு என்று பெயரிடப்பட்டது. விடுதலைக்குப் பின்னரும் அப்பார்வை மாறவில்லை. 1952-ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை, நாட்டின் தொழில் வளர்ச்சிக்குக் காடுகள் உதவ வேண்டும் என்பதை வற்புறுத்திற்று. தோல் பதனிடுவதற்கு வேண்டிய வாட்டில் பட்டை அந்நாளில் ஆப்பிரிக்காவிலிருந்து இறக்குமதி செய்யப்பட்டு வந்தது. அந்நியச் செலாவணி அரிதாயிருந்த காலம் அது. திண்டுக்கல்லிலும் வடாற்காட்டிலும் தோல் தொழிற்சாலைகள் பல்லாயிரம் பேருக்கு வேலை அளித்தன. அப்பட்டையை நம் மலையிலேயே வளர்த்துவிடலாமே என்று அரசு எண்ணியது. செயற்கைப் பட்டுக்கும் காகிதத்துக்கும் யூகலிப்டஸ் கூழ் தேவைப்பட்டது. இவ்வாறு பழனி மலையிலும் நீலகிரியிலும் சரிவு சரிவாகப் புல்வெளி உழப்பட்டு, வாட்டிலும் யூகலிப்டசும் பைனும் நடப்பட்டன.

இதைச் செய்தவர்கள் தீயவர்கள் அல்லர். ஏழை நாட்டின் பணத்தை மிச்சப்படுத்த விழைந்த நல்ல அலுவலர்கள். வெறும் புல் வளர்ந்த இடத்தில் பசுங்காட்டை உண்டாக்குகிறோம் என்று மனமார நம்பினர். வன மகோற்சவ நாளில் அவர்களோடு சேர்ந்து மரம் நட்டவர்களுள் நம் பள்ளிப் பிள்ளைகளும் இருந்திருப்பர். அவர்கள் காணத் தவறியது ஒன்றே: வெறுமை என்று அவர்கள் எண்ணிய இடம் நிறைந்திருந்தது.

6. விளைவுகள்

வாட்டில் மரத்தின் தன்மை யாது? ஒரு மரம் ஆயிரக்கணக்கான விதைகளைச் சொரிகிறது. அவ்விதைகள் பல்லாண்டுகள் மண்ணில் உயிரோடு கிடக்கும். தீ பரவிச் சென்றால் அவ்வெப்பத்தாலேயே ஓடு வெடித்து முளைக்கும். சில இனங்கள் வெட்ட வெட்ட வேரிலிருந்து தழைக்கும். காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும் ஆற்றலும் அதற்கு உண்டு. சமவெளி உழவனுக்கு நன்மையாகத் தோன்றும் இத்தன்மை, வளம் குறைந்த மண்ணுக்குப் பழகிய மலைப்புல்லுக்குக் கேடாகிறது. சோலை மரக்கன்று தாங்காத உறைபனியை இவ்வயல் மரங்கள் தாங்கின. ஆதலால் பல்லாயிரம் ஆண்டுகளாகக் காட்டையும் புல்லையும் பிரித்து நின்ற எல்லை உடைந்தது. மனிதர் நட்ட இடத்தோடு வாட்டில் நிற்கவில்லை, தானாகவே பரவிற்று.

1973-க்கும் 2014-க்கும் இடையே எடுக்கப்பட்ட செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு அறிஞர்கள் 2018-ல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். அந்நாற்பத்தோர் ஆண்டுகளில் பழனி மலை தன் புல்வெளியில் 66 விழுக்காட்டையும், சோலைக் காட்டில் 31 விழுக்காட்டையும் இழந்துவிட்டது என்பது அதன் முடிவு. நூற்றாண்டுக் கணக்கில் நிகழ்ந்த அழிவன்று இது. நம்முள் பலர் வாலிபராக மலையேறிய நாள் முதல் தலை நரைத்த நாள் வரையில், நம் கண்ணெதிரே நிகழ்ந்தது. நாமோ பச்சையைக் கண்டு மகிழ்ந்தோம்.

நீரின் கணக்கு என்னவாயிற்று? நீலகிரியில் கிளென்மார்கன் என்னும் இடத்தில் அருகருகே உள்ள இரு சிறு நீர்ப்பிடிப்புகளை மண்வள ஆராய்ச்சியாளர் ஒப்பிட்டனர். ஒன்றை இயற்கை நிலையிலேயே விட்டனர். மற்றொன்றில் ஒரு பகுதியில் 1970-களின் தொடக்கத்தில் யூகலிப்டஸ் நட்டனர். முதற் பத்தாண்டுப் பருவத்தில் ஓடையில் வந்த நீர் ஏறத்தாழ 16 விழுக்காடு குறைந்தது. மரத்தை வெட்டி, அடிக்கட்டை மீண்டும் தழைத்த இரண்டாம் பருவத்தில் குறைவு ஏறத்தாழ 25 விழுக்காடாயிற்று. வறண்ட மாதங்களின் நீரோட்டமே மிகுதியாகப் பாதிக்கப்பட்டது. காரணம் விளங்காததன்று. புல்லின் வேர் ஆழம் குறைந்தது. கோடையில் அது அடங்கி இருக்கும். யூகலிப்டசின் வேரோ ஆழ இறங்கி, கோடையிலும் ஓயாது நீரை உறிஞ்சி இலை வழியே காற்றில் விடும். கீழேயுள்ள உழவனுக்கு நீர் மிகவும் வேண்டிய மாதத்தில்தான் மேலேயுள்ள மரம் அவன் பங்கை எடுத்துக்கொள்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் இறையியல் மாணவர் சிலரை மேல்மலைச் சிற்றூர் ஒன்றுக்கு அழைத்துச் சென்றிருந்தேன். வழிபாடு முடிந்ததும் அச்சபையின் மூப்பர் ஒருவர் எங்களை ஊருக்கு மேலே ஒரு பள்ளத்துக்குக் கூட்டிச் சென்றார். கற்களால் கட்டிய சிறு தொட்டி ஒன்று அங்கே காய்ந்து கிடந்தது. "ஐயா, என் தாயார் சித்திரை மாதத்திலும் இங்கேதான் குடம் நிரப்புவார்கள். அப்போது இந்தச் சரிவில் ஒரு மரம் இல்லை. மரம் வந்தால் மழை வரும் என்றார்கள், மரம் வந்தது, ஊற்று போய்விட்டது" என்றார். மாணவர் ஒருவரும் விடையளிக்கவில்லை, நானும் அளிக்கவில்லை. ஒரே ஓர் ஊற்றைக்கொண்டு முழு மலைக்கும் தீர்ப்புக் கூறலாகாது. மழையின் அளவும், புதிய குடியிருப்புகளும், ஆழ்துளைக் கிணறுகளும்கூட ஊற்றுகளை வற்றச் செய்யும். ஆயினும் அம்மூப்பரின் சொல்லும் ஆராய்ச்சியின் எண்ணும் ஒன்றையொன்று மறுக்கவில்லை.

விலங்குகளின் நிலையும் நோக்கத்தக்கது. நம் மாநில விலங்காகிய வரையாடு புல்லையும் பாறையையும் நம்பி வாழ்வது. காட்டுக்குள் வாழ அறியாதது. 2024-ல் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பின்படி தமிழ்நாடு முழுவதிலும் 1,031 வரையாடுகளே இருந்தன. நெட்டைக்காலி என்னும் சிறு பறவைக்கும் புல்வெளியன்றி வேறு புகலிடம் இல்லை. காட்டுமாடுகளோ தோட்டங்களிலும் நகரத் தெருக்களிலும் வந்து மேய்கின்றன. அவற்றின் மேய்ச்சல் நிலத்தில் நாம் மரத்தை நட்டோம். அவை நம் வாயிலுக்கு வந்தன.

7. காணாத நஞ்சு

மலையின் வரலாற்றில் இன்னும் ஒரு பக்கம் உண்டு. 1980-களில் அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட பாதரச வெப்பமானித் தொழிற்சாலை ஒன்று, பாம்பார் சோலையின் விளிம்பில் இயங்கி வந்தது. பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி நகரின் பழைய பொருள் கிடங்கு ஒன்றில் கிடந்ததை மக்கள் வெளிப்படுத்தியதால் 2001-ல் அது மூடப்பட்டது. உடல்நலம் குன்றிய முன்னாள் தொழிலாளர் பல்லாண்டு போராடினர்; 2016-ல் 591 பேருடன் உடன்பாடு ஏற்பட்டது.

பாதரசம் ஆவியாகிக் காற்றில் பரவும்; பாசியில் படியும்; மழையோடு ஓடையில் இறங்கும். சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள் அதைக் கொடிய வேறு வடிவமாக மாற்றும். அது பூச்சியிலிருந்து மீனுக்கும், மீனிலிருந்து அதை உண்பவருக்கும் படிப்படியாகச் செறிந்து செல்லும். முன்னர் நாம் கூறிய உணவுச் சங்கிலி உயிரைக் கொண்டுசெல்லும் அதே வழியில் நஞ்சையும் கொண்டுசெல்கிறது. இல்லத்தின் ஓர் அறையில் வைத்த நஞ்சு மற்ற அறைகளுக்குள் வராது என்று எண்ணுதல் பேதைமை.

8. திருத்தம் எளிதன்று

இவ்வரலாற்றில் நம்பிக்கை தரும் பகுதியும் உண்டு. 1985-ல் பழனி மலைப் பாதுகாப்புக் குழு தோன்றியது. செண்பகனூரில் இயேசு சபையாரின் இல்லத்தைச் சார்ந்து பல தலைமுறைகளாகத் தாவர ஆராய்ச்சி நிகழ்ந்து வந்தது. அம்மரபில் வந்த அருட்தந்தை கே. எம். மாத்யூ 1999-ல் பழனி மலைத் தாவரங்களைப் பற்றிய பெருநூலை வெளியிட்டார். ஒரு குருவானவர் செடிகளின் பெயரை எழுதுவதில் வாழ்நாளைச் செலவிட்டது வீணன்று. பெயர் தெரியாத ஒன்றை எவரும் காக்க முன்வருவதில்லை. 1988-ஆம் ஆண்டின் புதிய தேசிய வனக் கொள்கை, வருவாயைவிடச் சூழலின் சமநிலையே முதன்மையானது என்று அறிவித்தது. 2013-ல் இம்மலையில் 600 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பகுதி கோடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாயிற்று. அயல் தாவரங்களை அகற்றி இயற்கையை மீட்பதற்கென 2022-ல் தமிழ்நாடு அரசு ஒரு கொள்கையும் வகுத்தது.

அப்படியாயின் வாட்டிலை எல்லாம் வெட்டிவிட்டால் புல் திரும்ப வருமா? அவ்வளவு எளிதன்று. வெட்டிய இடத்தில் வெயில் பட்டதும் மண்ணில் உறங்கும் விதைகள் ஒருங்கே முளைக்கும். செங்குத்தான சரிவை ஒரே ஆண்டில் வெறுமையாக்கினால் மழை மண்ணை அரித்துச்செல்லும். மேலும் சில இடங்களில் முதிர்ந்த வாட்டிலின் நிழலிலேயே சோலைக் கன்றுகள் முளைத்து வருவதைக் காண்கின்றனர். அங்கே அயல் மரமே செவிலித் தாயாக நிற்கிறது. மலையூர்களில் ஏழைப் பெண்களின் அடுப்புக்கு விறகு இவ்வாட்டிலே. அதை அகற்றுவோர் அவர்களுடைய அடுப்புக்கு என்ன விடை சொல்வர்? ஆகவே எஞ்சிய புல்வெளியில் புதிதாக நுழையும் கன்றுகளை முதலில் களைவது, பழைய தோப்புகளைச் சிறிது சிறிதாக மாற்றுவது, மலைமக்களின் அறிவையும் தேவையையும் கேட்டுச் செய்வது என்பதே அறிவுடையோர் காட்டும் வழி. கெடுப்பதற்கு ஒரு தலைமுறை போதுமாயிருந்தது. திருத்துவதற்குப் பல தலைமுறைகள் வேண்டும்.

முடிவுரை

1967-ஆம் ஆண்டில் லின் ஒயிட் என்னும் வரலாற்றாசிரியர் ஒரு கட்டுரை எழுதினார். பூமியை மனிதன் ஆண்டுகொள்ள வேண்டும் என்னும் கிறிஸ்தவ எண்ணமே இன்றைய சூழல் கேட்டுக்கு வேர் என்று அதில் குற்றஞ்சாட்டினார். அதற்கு விடையாக இறையியலார் பலர், ஆளுதல் என்பது கொள்ளையிடுதல் அன்று, தோட்டத்தைப் பண்படுத்திக் காக்கும் பொறுப்பே என்று எழுதினர். அவ்விடை சரியானதே. ஆயினும் பழனி மலையின் வரலாறு அவ்விடைக்கும் அப்பால் நம்மை அழைக்கிறது. இங்கே கெடுதி செய்தவர் பெரும்பாலும் கொள்ளையர் அல்லர். பண்படுத்துகிறோம் என்று நம்பியவர்கள். உக்கிராணக்காரன் நேர்மையுள்ளவனாயிருந்தால் மட்டும் போதாது. தன் கையில் ஒப்புவிக்கப்பட்டது இன்னதென்று அவன் அறிந்திருக்கவும் வேண்டும். அறியாமல் செய்த நன்மையின் விலையை, பெரியகுளத்து உழவரும் மேல்மலைப் பெண்களும் பளியரும் இன்று கொடுத்துக்கொண்டிருக்கின்றனர்.

நம் சபை வரலாறுகளில் கோடைக்கானலைப் பற்றிய பகுதி எப்போதும் நன்றியுரையாகவே எழுதப்பட்டுள்ளது. நன்றி நியாயமானது, அதனோடு அறிக்கையிடுதலும் சேர்தல் வேண்டும். சூழல் ஞாயிறன்று நம் ஆலயங்களில் மரக்கன்று நடுகிறோம். எந்த மரம், எந்த இடத்தில் என்று கேட்டபின் நடுவோமாக. மலைமேல் சபைக்கு உரிமையான வளாகங்கள் உள்ளன; அவற்றில் பரவியுள்ள அயல் கன்றுகளைக் களைவதும், எஞ்சிய ஓடைப் பள்ளத்தை வேலியிட்டுக் காப்பதும் ஒரு முகாமின் காலை வேளையில் செய்யத்தக்க பணிகள். பயிற்சிக்கு வரும் வாலிபருக்கு ஏரியைக் காட்டுவதோடு, புல்வெளி எஞ்சியிருக்கும் ஒரு முகட்டையும் காட்டுவோம். அங்கே நின்று கீழே நோக்கினால் சமவெளியின் கண்மாய்கள் தெரியும். அவை நிரம்புவதும் வற்றுவதும் தாம் நிற்கும் இடத்தைப் பொறுத்தது என்பதை அவர்கள் அறிந்துகொண்டு இறங்கட்டும்.